ஜி.பி.எஸ். கருவி வாங்கினால் வரப்புத் தகராறு தீருமா?

திருத்தணி பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பட்டாவில் 25 ஏர்ஸ். செல்போன் ஆப் போட்டு நடந்து அளந்தால் இரண்டரை சென்ட் குறைகிறது. பக்கத்து நிலம் பெரியப்பா மகனுடையது. வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று சந்தேகம். மலையேறுபவர்கள் கையில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவி துல்லியமாகக் காட்டும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?'

இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இரண்டரை சென்டுக்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திய குடும்பங்களை எனக்கே தெரியும். அதனால், நண்பர் ஒருவர் காட்டுக்குப் போகும்போது கொண்டுபோகும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தோப்பிலிருந்து பார்த்தால் முருகன் கோயில் மலை தெரிகிறது. எல்லாம் பெங்களூரா மரங்கள். காய்ப்பு முடிந்து, கவாத்துக்குக் காத்திருந்தன. வாசகரின் அம்மா எங்களிடம் தமிழிலும் மாட்டிடம் தெலுங்கிலும் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் அது புதுமை இல்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய பழைய பத்திரம் தெலுங்கில் இருந்தது. கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னார் நிலம் என்று நாலெல்லை எழுதியிருந்தார்கள். அந்த ஓடையும் இப்போது அங்கே இல்லை. பத்திரத்தை மட்டும் வைத்து வரப்பைத் தேட முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

முதலில் செல்போனை எடுத்துக்கொண்டு வரப்போரமாக ஒரு சுற்று நடந்தோம். 59 சென்ட் என்றது. கால் மணி நேரம் கழித்து, அதே போன், அதே வரப்பு, அதே ஆள். இந்த முறை 64 சென்ட். வாசகர் என்னைப் பார்த்தார். "சார், இப்ப எனக்கு ரெண்டு சென்ட் ஜாஸ்தியா இருக்கே?" என்றார். கைக்கருவியிலும் இரண்டு சுற்று வந்தோம். 63, 61. பட்டாவில் இருக்கும் 25 ஏர்ஸ் என்பது 61.8 சென்ட். கைக்கருவி கொஞ்சம் நிதானமாகத்தான் காட்டியது. ஆனால் அதற்கும் இரண்டு சென்ட் ஆட்டம் இருந்தது.

ஏன் இப்படி ஆடுகிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னல் நம் கைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டுத்தான் கருவி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு விநாடியைப் பத்துக் கோடிப் பங்காகப் போட்டு, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 3 மீட்டர் பிசகும். காற்று மண்டலத்தைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகும். மாமரத்தின் அடர்ந்த இலை அதைக் குறைக்கும். பாறையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வந்தால் சுற்றுவழியில் வந்த சிக்னலைக் கருவி நேர்வழி என்று நினைத்துக்கொள்ளும். மலையடிவாரத்தில் இந்தத் தொல்லை கூடுதல். திறந்த வெளியில் நல்ல கைக்கருவியும் நல்ல போனும் 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டுவது சாதாரணம். தோப்புக்குள் அது இன்னும் கூடும்.

இப்போது வாசகரின் நிலத்தைக் கணக்கில் எடுங்கள். 25 ஏர்ஸ் என்பது ஏறக்குறைய 50 மீட்டருக்கு 50 மீட்டர். ஒரு பக்கத்தின் கோடு மட்டும் 2 மீட்டர் உள்ளே தள்ளிப் பதிவானால் 100 சதுர மீட்டர் குறையும். 100 சதுர மீட்டர் என்பது ஒரு ஏர்ஸ், அதாவது இரண்டரை சென்ட். பெரியப்பா மகன் திருடிவிட்டதாக அவர் நினைத்த அதே இரண்டரை சென்ட்! கருவியே 3 மீட்டர் ஆடும்போது, 2 மீட்டர் வித்தியாசத்தை வைத்து யார் மேல் குற்றம் சொல்வது?

பத்து ஏக்கர் நிலத்தை அளந்தால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. சுற்றளவு கூடுவதைவிடப் பரப்பு வேகமாகக் கூடும் என்பதால் சதவிகிதக் கணக்கில் அது கரைந்துவிடும். உழவு வாடகை பேசவும், கரும்புக் கரணை எவ்வளவு தேவை என்று பார்க்கவும் தாராளமாகப் போதும். துண்டு நிலம் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது காலை வாரும். 'நிலம் அளக்கும் மீட்டர்' என்று தனியாக விற்கும் கருவிகளுக்கும் இதே கதைதான். உள்ளே இருப்பது அதே மாதிரி ஜி.பி.எஸ். சிப்தான். திரையில் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் காட்டுவதால் அளவு துல்லியமாகிவிடாது.

டேப்பும் புல வரைபடமும்

எல்லைக்கு வேண்டியது வேறு. தமிழக அரசின் நிலப் பதிவேடு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு பார்க்கும் இடத்திலேயே புல வரைபடமும் கிடைக்கிறது. எஃப்.எம்.பி. என்று சொல்வார்களே, அதுதான். சர்வே எண்ணைப் போட்டுக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அதில் எல்லைக் கல் எங்கெங்கே, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை மீட்டர், குறுக்குக் கோடு எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். இந்தக் கோடுகள் சங்கிலி பிடித்து அளந்தவை. 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே நாட்டின் பெரிய நில அளவையைத் தொடங்கியபோதும் முதலில் செய்தது தரையில் சங்கிலி பிடித்து ஒரு நேர்கோட்டை அளந்ததுதான். ஏழரை மைல் கோடு. பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சொல்ல, வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளைவிடத் தரையில் இழுத்துப் பிடித்த டேப்பே நல்லது.

வாசகரின் நிலத்தில் மேற்குப் பக்கத்துக் கற்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. பெரியப்பா மகன் பக்கம் இருக்கும் வரப்பின் ஒரு முனையில்தான் கல்லைக் காணோம். பிடுங்கிவிட்டார் என்பது வாசகரின் கட்சி. இரண்டு நீள டேப் இரவல் வாங்கினோம். தெரிந்த கல் ஒன்றிலிருந்து வரைபடத்தில் உள்ள பக்க நீளத்தை ஒரு டேப்பிலும், இன்னொரு கல்லிலிருந்து குறுக்குக் கோட்டின் நீளத்தை இன்னொரு டேப்பிலும் பிடித்து, இரண்டும் சேரும் இடத்தைத் தேடினோம். டேப் தொய்யக் கூடாது. சரிவில் தரையோடு படுக்கப் போடக் கூடாது, மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஏனென்றால் வரைபடத்தில் உள்ளது மட்டத் தூரம். குறுக்கே மரம் நின்றால் கொம்பு நட்டு நேர் பார்த்து, துண்டு துண்டாக அளக்கலாம்.

நாலு பேர் தேவைப்பட்டது. நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அந்தப் பக்கம் மாடு கட்ட வந்த பெரியப்பா மகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, "எங்க புடிக்கணும்?" என்று கேட்டபடி வந்து டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். வாசகர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு டேப்பும் சேர்ந்த இடத்தில் உண்ணிச்செடிப் புதர். வெட்டிவிட்டுக் கடப்பாரை போட்டோம். ஒன்றரை அடி ஆழத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. கல் அங்கேயே இருந்தது. மழைக்கு வந்த மண் மூடியிருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை. வரப்பு அந்த முனையில் கல்லைவிட்டு ஒன்றரை அடி வாசகரின் பக்கம் வளைந்திருந்தது. மறுமுனையில் சரியாகக் கல்லிலேயே நின்றது. ஒரு முனையில் ஒன்றரை அடி, மறுமுனையில் ஒன்றுமில்லை என்றால் நடுவில் ஒரு நீண்ட முக்கோணம். கணக்குப் போட்டால் 11 சதுர மீட்டர் சொச்சம். கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. "அப்பா காலத்து வரப்பு அப்டித்தாம்பா இருந்துச்சி. வேணும்னா நேரா வெட்டிக்கோ" என்றார் பெரியப்பா மகன். "நேரா வெட்டுனா உன் வேப்பமரத்து வேர்ல படும்ண்ணே" என்றார் வாசகர். அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நான் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாமே அளப்பது நமக்குத் தெளிவு கிடைக்கத்தான். கல்லே இடம் மாறியிருக்கவும் கூடும். பேச்சில் தீராவிட்டால் இ-சேவை மையத்திலோ தமிழ் நிலம் இணையதளத்திலோ நில அளவைக்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, அரசு சர்வேயரை வைத்து அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அளக்க வேண்டும். அந்த அளவுதான் செல்லும். சர்வே துறையினர் இப்போது செயற்கைக்கோள் வைத்தும் அளக்கிறார்களே என்று கேட்கலாம். அது டி.ஜி.பி.எஸ். இடம் தெரிந்த நிலையத்தில் நிற்கும் இன்னொரு கருவி, பிழை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் சில சென்டிமீட்டர் வரை சரியாக வரும். விலை லட்சக்கணக்கில். கையில் பிடிக்கும் கருவியை அதோடு சேர்த்து எண்ண வேண்டாம். தனியார் அதே கருவியைக் கொண்டுவந்து அளந்தாலும் அது அரசுப் பதிவேட்டில் ஏறாது.

அப்படியானால் கைக்கருவி எதற்கு?

போன இடத்துக்குத் திரும்பிப் போக. அதற்குத்தான் அது பிறந்தது. அன்று கல்லைக் கண்டுபிடித்த கையோடு, நாலு கல்லின் இடத்தையும் கருவியில் பதிந்து, எண்களை நோட்டிலும் எழுதிவைத்தோம். அடுத்த முறை மண் மூடினாலும் அந்தக் கல்லுக்கு நாலைந்து எட்டுக்குள் கருவி கொண்டுவந்து விட்டுவிடும். மீதியை டேப்பும் கடப்பாரையும் பார்த்துக்கொள்ளும். புதைத்த குழாயின் வளைவு, மூடிப்போட்ட பழைய போர், காட்டோரம் ஆடு தண்ணீர் குடிக்கும் சுனை எல்லாவற்றுக்கும் இது உதவும்.

வெளிநாடுகளில் இதையே விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2-ல் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் சரியாகிவிட்டன. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் சில சாமான்களை ஒரு பக்கெட்டில் போட்டு, காட்டோரம் பாதி புதைத்து, இடத்தின் எண்களை மட்டும் அறிவித்தார். கண்டுபிடித்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைக்க வேண்டும். ஜியோகேச்சிங் என்று அது உலகமெல்லாம் பரவியிருக்கிறது. அதை விளையாடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், கருவி பக்கத்தில்தான் கொண்டுவிடும், அதன் பிறகு கல் இடுக்கையும் மரப் பொந்தையும் கண்ணால்தான் துழாவ வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் இப்படி விளையாட விடலாம், நல்ல பூகோளப் பாடம். கோயில் படிக்கட்டிலோ ரயில் நிலையத்திலோ டப்பாவை ஒளித்துவைத்துப் போலீஸ் வரவழைக்காமல் இருந்தால் சரி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவதும் கூடாது.

உங்களிடம் ஓரளவு நல்ல செல்போன் இருந்தால் முதலில் அதையே பழகிப் பாருங்கள். டவர் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிக்னல் வானத்திலிருந்து வருகிறது, அதற்குக் காசும் இல்லை, சிம்மும் வேண்டாம். டவர் இல்லாத இடத்தில் வரைபடம்தான் வராது. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை. போனில் தொல்லை வேறு: சித்திரை வெயிலில் சூடாகி அணையும், திரை தெரியாது, ஈரக் கைக்கு அடங்காது, சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீரும்.

இந்தத் தொல்லைகள் உங்களைத் தினமும் வாட்டினால் மட்டும் கைக்கருவி பக்கம் போங்கள். மலையில் ஆடு மேய்ப்பவர், பல ஊரில் தோப்புக் குத்தகை எடுப்பவர், இரவில் தண்ணீர் கட்டப் பல கிலோமீட்டர் போகிறவர், உழவர் குழு வைத்திருப்பவர்களுக்குப் பயன் உண்டு. விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆரம்பிக்கிறது, வண்ணத் திரையும் வரைபடமும் வேண்டுமென்றால் இருபதாயிரத்தை நெருங்கும் அல்லது தாண்டும். தனி ஆளாக வாங்குவதைவிடக் குழுவுக்கு ஒன்று என்பது என் யோசனை.

வாங்கும்போது தொடுதிரையைவிடப் பொத்தான் வைத்ததை எடுங்கள். சேற்றுக் கைக்கு அதுதான் ஒத்துவரும். கடையில் வெளியே வெயிலில் நின்று திரையைப் பாருங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏ.ஏ. பேட்டரி போடும் மாதிரி நல்லது. ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், வாய்க்காலில் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதிகம் புழங்குவது கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் வரிசை. அதில் 10 என்பது கறுப்பு வெள்ளைத் திரை. எல்லைக் கல், போர், பாதை குறித்துவைக்க அது போதும், பரப்பும் கணக்கிடும். 22எக்ஸ் வண்ணத் திரையும் வரைபடமும் கொண்டது. 32எக்ஸில் திசைகாட்டி கூடுதல். இந்தத் திசைகாட்டி சின்ன விஷயம் இல்லை. அது இல்லாத கருவியில் அம்புக்குறி நீங்கள் நடக்கும்போதுதான் சரியாகத் திரும்பும், நின்ற இடத்தில் சுற்றிப் பார்த்தால் ஏமாற்றும். தெரியாமல் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு வகையை மட்டும் தொடவே வேண்டாம். செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவிகள். கார்மினின் இன்ரீச் அந்த வகை. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். துபாயிலிருந்து வரும் மச்சான் 'நல்ல ஐட்டம்' என்று வாங்கி வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரணக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கருவி கைக்கு வந்ததும் அமைப்புகளில் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, டேட்டம் என்ற இடத்தில் டபிள்யூ.ஜி.எஸ். 84 இருக்க வேண்டும். பழைய சர்வே வரைபடங்களின் இந்திய டேட்டத்துக்கு மாறியிருந்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் இடம் தள்ளிப்போகும். இரண்டு, டிகிரியை எப்படி எழுதுகிறது என்பது. 13 டிகிரி 10.5 நிமிடம் என்பதைத் தசமத்தில் எழுதினால் 13.175. அவசரத்தில் 13.105 என்று எழுதிவிட்டால் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போய் வேறு ஊரில் நிற்பீர்கள். தசமத்தில் எழுதுவதாக இருந்தால் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதுங்கள், ஐந்தாவது இலக்கத்தின் மதிப்பு ஒரு மீட்டர் சொச்சம். அதற்கு மேல் எழுதுவது வீண்.

இடத்தைப் பதியும்போது ஓடிப் போய் அமுக்காதீர்கள். ஆன் செய்து சில நிமிடம் திறந்த வெளியில் வைத்துவிட்டு, கல்லின் மேல் நின்று பதியுங்கள். பல முறை பார்த்துச் சராசரி எடுக்கும் வசதி இட்ரெக்ஸில் உண்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை, மறுநாள் இன்னொரு முறை என்று எடுத்தால் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும், பிழை குறையும். நம் நாட்டின் காகன் சேவையும் பிழையைத் திருத்திச் சொல்கிறது. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஏற்படுத்தியது அது. கருவியில் 'வாஸ்' என்று ஒரு வரி இருந்தால் அதை ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தணி வாசகர் கடைசியில் கருவி வாங்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது, இரவல் வாங்கிய டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் 50 மீட்டர் டேப் ஒன்று விலை கேட்டு வரப்போவதாகச் சொன்னார். பெரியப்பா மகனின் தெற்குப் பக்கத்திலும் ஒரு கல் காணவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடப் போகிறார்கள்.